ஐந்தாம் மாடி லிப்டும் ஆடி மாதத்துச் சூரியனும்

1

2025 யூலை 7, திங்கட்கிழமை, காலை 9 மணி 17 நிமிடம். வெள்ளவத்தை. கடல் பக்கம் சாம்பல் மேகம். தென்மேற்குக் காற்று சட்டையைக் கழற்றப் பார்த்தது. மழை வருவேன் வருவேன் என்று மிரட்டிவிட்டு வராமல் நின்றது. சூரியனை எங்கும் காணவில்லை. எங்கள் மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் பதினான்கு பேர் கூடி நின்றதோ சூரியனிடமிருந்து கரண்ட் எடுக்கத் தொடங்குவதற்காக.

பதினான்கு பேர், ஒரு குத்துவிளக்கு, மூன்று தேங்காய், இருபத்தெட்டு சோலார் பலகைகள். காற்றில் கற்பூரம் ஆறு தரம் அணைந்தது. ஏழாவது தரம் எங்கள் கட்டடச் சங்கத் தலைவர் நடேசபிள்ளை தன் சால்வையால் மறைத்துப் பிடித்தார். சால்வை பற்றிவிடும் என்று நான் பயந்துகொண்டு நின்றேன், பற்றவில்லை. சுவரில் புதிதாகப் பூட்டிய இன்வெர்ட்டர் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டிருந்தன. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வாய்க்குள் ஏதோ சொன்னார், சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

என் அக்கா பிலோமினா மட்டும் கைதட்டவில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, "லிப்ட் எப்ப ஓடும்?" என்று மூன்றாவது தரமாகக் கேட்டாள்.

"முதல் பில் வரட்டும் அக்கா. பில் குறைஞ்சால் நாள் முழுக்க ஓடும்" என்றார் தலைவர்.

மின்சார ஒபிசிலிருந்து ஒருவரும் வரவில்லை. நடக்கவேண்டிய பரிசோதனை நடக்கவில்லை. மாற்றவேண்டிய மீட்டர் மாறவில்லை. அது எல்லாம் முடிவதற்கு ஓகஸ்ட் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது. ஆடியில் நல்ல காரியம் தொடங்க எந்தப் பொறியியலாளரும் அனுமதி தரமுடியாது.

2

இதை மெல்பனிலிருந்து எழுதுகிறேன். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். துறைமுகக் கம்பனி ஒன்றில் கணக்கு எழுதியவன். இங்கே வந்து இருபத்தெட்டு வருடமாகிறது. இப்போது எனக்கு இருக்கிற ஒரே உத்தியோகம் செவ்வாய் இரவு குப்பைத் தொட்டியை வெளியே வைப்பதும் புதன் காலை உள்ளே எடுப்பதும். சிவப்பு மூடி ஒரு வாரம், மஞ்சள் மூடி மறுவாரம். பச்சை மூடி எப்போது என்று இன்றுவரை பிடிபடவில்லை. எதிர்வீட்டுக் கிரேக்கக் கிழவர் எதை வைக்கிறாரோ அதையே நானும் வைப்பேன். அவர் என்னைப் பார்த்து வைக்கிறார் என்பது போன மாதம்தான் தெரியவந்தது.

இன்று காலை தபால்பெட்டியில் ஒரு பளபளப்பான தாள் கிடந்தது. மேலே பெரிய எழுத்தில், 'நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்' என்று போட்டிருந்தது. அனுப்பியது என் மகன் டெரன்ஸ் வேலை செய்கிற கம்பனி. மேற்கே காற்றாலைகள் சுற்றுகின்றன, கிழக்கே நகரம் இருக்கிறது, இடையில் கோபுரம் நட்டுக் கம்பி இழுக்கவேண்டும். இடையில் காணி வைத்திருக்கிறவர்களிடம் போய்க் கதைப்பது டெரன்ஸின் வேலை. அவனைக் கேட்டால், கதைப்பது இல்லை, கேட்பது என்பான். அவன் அந்த வேலையில் சேர்ந்தபோது அவனுக்குக் கலியாணம் ஆகவில்லை. இப்போது அவன் மூத்தவள் பள்ளிக்கூடம் போகிறாள். கோபுரம் ஒன்றுகூட எழவில்லை.

ஒருமுறை என்னையும் அப்படி ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போனான். நாட்டுப்புறத்து மண்டபம். நாற்பத்தொரு கதிரை, ஏறக்குறைய அறுபது பேர், மூன்று வகை பிஸ்கட். சுவர் முழுக்க வரைபடம். தொப்பி போட்ட ஒரு விவசாயி எழுந்து வந்து, ஒரு பெரிய உருளைக்கிழங்கை வரைபடத்தின் முன்னாலிருந்த மேசையில் ஓங்கி வைத்தார். "இது விளைகிற இடத்திலே உன் கோபுரத்தை நட வருகிறாயா?" என்று இங்கிலீசில் கர்ஜித்தார். என் மகன் கிழங்கை மரியாதையாக இரண்டு கையாலும் எடுத்தான். நன்றி சொன்னான். உங்கள் கருத்தைப் பதிவு செய்கிறோம் என்றான். கிழங்கிலேயே ஒரு மஞ்சள் துண்டுத்தாளை ஒட்டினான். வரும் வழியில் காரில் கேட்டேன்: "கிழங்கை என்ன செய்வீர்கள்?" படம் எடுத்து அறிக்கையில் போடுவார்களாம். அதே அறிக்கையில் ஒரு வௌவால் இனத்துக்காக மூன்று கோபுரங்களை இடம் மாற்றியதும் இருக்கிறதாம். அவன் குரலில் பெருமை இருந்தது. நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்கு மின்கம்பம் வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கிடங்கு வெட்ட வந்தவர்கள் எங்கள் வீட்டு வாசலில்தான் முதலில் அடையாளம் போட்டார்கள். அம்மா அவர்களைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பக்கம் மண் இளகல், வெட்டச் சுகம் என்று சொன்னாள். தேத்தண்ணி குடித்து முடிய கம்பம் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அதுதான் திட்டமிடல், ஆலோசனை, அங்கீகாரம் எல்லாம். பக்கத்து வீட்டு பேர்னடெட்டும் எங்கள் அக்காவும் அதற்குப் பிறகு இரண்டு வருடம் கதைக்கவில்லை. பிறகு ஓமி விளையாட நாலாவது கை கிடைக்காமல் ராசியானார்கள். இரண்டு பேரும் ஒரு கட்சியாக இருந்து இன்றுவரை அந்தச் சீட்டை விளையாடுகிறார்கள். அதாவது, போன வருடம் சில மாதம் தவிர.

3

அக்காவுக்கு எழுபத்தாறு வயது. விதவை. வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் என் பெயரிலுள்ள வீட்டில் இருக்கிறாள். கரண்ட் விலை ஏற, கட்டடச் சங்கம் பொதுப் பில்லைக் குறைப்பதற்காக லிப்டைக் காலையில் இரண்டு மணித்தியாலம், மாலையில் இரண்டு மணித்தியாலம் என்று ஆக்கியது. ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையான போயாவும் அறவே இல்லை. ஒபிஸ் போகிறவர் இல்லையே. ஆனால் அக்காவின் வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் காலைப் பூசை, பூசை முடிய பேர்னடெட் வீட்டில் ஓமி. படிகளை நான் எண்ணி வைத்திருக்கிறேன். தொகையைச் சொன்னால் அக்கா காதைப் பொத்திக்கொள்வாள். ஒரு ஞாயிறு நாலு பேர் அவளைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒருவருக்குத் தும்மல் வந்தது. அதற்குப் பிறகு அவள் கதிரையில் ஏறவில்லை.

அவளுடைய இடத்தில் முகத்துவாரத்து ரீட்டா என்ற ஒருத்தி உட்கார்ந்தாள். துரும்பு கையில் இருந்தால் காதைச் சொறிவாளாம், கள்ளி. 2025 ஏப்ரலில் அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னது இது:

"பேர்னடெட் செல்லிட்டா, ஓகஸ்ட் முடியிறதுக்குள்ள நான் வராட்டி ரீட்டாவ நிரந்தரமாப் போட்டுருவாங்களாம். டேய் சேவியர், நீ ஒஸ்திரேலியாவில இருந்து என்னத்தக் கிழிக்கிறாய்? வந்து இந்த லிப்டை ஓட வை."

சங்கம் மொட்டைமாடியில் சோலார் போடுவதைப் பற்றி ஒரு வருடமாகக் கதைத்துக்கொண்டிருந்தது. லிப்டும் தண்ணிப் பம்பும் பொது மீட்டரில் ஓடுகின்றன. அந்த மீட்டருக்குச் சூரியனைக் கொடுத்தால் பில் குறையும். நல்ல யோசனை. செய்துமுடிக்கத்தான் ஆளில்லை. மே மாதம் நான் போய் இறங்கினேன். இறங்கிய மறுநாளே என்னைப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு வேறு என்ன வேலை?

4

மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. ஆகவே எல்லோரும் சம்மதிக்கவேண்டும். பதினெட்டு வீடு. அதில் பதினொரு சொந்தக்காரர் வெளிநாட்டில்: கனடா, லண்டன், நோர்வே, சுவிஸ். பிடிக்க மிகவும் கஷ்டமாக இருந்தவர் மட்டக்களப்பில் இருந்தவர்.

வாட்ஸப்பில் 'மொட்டைமாடி' என்று ஒரு குழு. 'சோலார் போடச் சம்மதமா?' என்று கேட்டேன். முதல் நாள் வந்த பதில்கள்: பூப்போட்ட காலை வணக்கம் இருபத்திமூன்று, யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து நாலு, சம்மதம் ஒன்று. சுவிஸ்காரர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: தன் வீடு தெற்குப் பக்கம், அந்தப் பக்கம் வெயில் கூட, ஆகவே தன் பங்குக்கு விழுகிற வெயிலைத் தனியாகக் கணக்கு வைப்பீர்களா?

டெரன்ஸுக்கு எடுத்து முறையிட்டேன். இது அவனுடைய தொழில் அல்லவா. "அப்பா, யூ ஹாவ் டு என்கேஜ் தெம் ஏர்லி" என்றான். தமிழில் சொல்லடா என்றேன். அவனுடைய தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்துத் தமிழ், எட்டாம் வகுப்போடு நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவையோட முதல்லயே நிச்சயதார்த்தம் செய்யுங்கோ" என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன். சிரித்தால் அதுவும் கதைக்கமாட்டான்.

கட்டடத்துக்குள் வந்த எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அது தலைவர் வீட்டிலிருந்தே வந்தது. திருமதி நடேசபிள்ளை சனி விரதம் பிடிக்கிறவர். மொட்டைமாடியில் காகத்துக்குச் சோறு வைத்து, காகம் எடுத்த பிறகுதான் அவர் சாப்பிடுவார்.

"பலகை போட்டால் காகம் பயந்து வராது, அண்ணை. காகம் வராட்டில் நான் பட்டினி" என்றார்.

"வேற கட்டடத்துக் காகம் சாப்பிட்டால் போதாதா?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. இரண்டு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை.

சோலார் கம்பனியிலிருந்து வந்த பையன் பஸ்லான், மாளிகாவத்தை. நல்ல நறுவிசான ஆள், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். முப்பது பலகைத் திட்டத்தை இருபத்தெட்டாகக் குறைத்து, வடகிழக்கு மூலையைக் காகத்துக்கு விட்டான். வரைபடத்தில் அந்த மூலையில் ஒரு காகமும் கீறியிருந்தான். படத்தை டெரன்ஸுக்கு அனுப்பினேன். அவனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். வௌவாலுக்குத் தாங்கள் செய்ததும் இதேதான் என்று மூன்று செய்தி அனுப்பினான். என்னைப் பற்றி அவன் பெருமைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள். பலகை பூட்டிய முதல் சனிக்கிழமை மேலே போய்ப் பார்த்தேன். காகப் பகுதியில் ஒரு காகமும் இல்லை. பதினொரு காகங்கள் பலகைகளின் மேல் உட்கார்ந்து சோற்றை அங்கே கொண்டுவந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. இதை நான் டெரன்ஸுக்கு எழுதவில்லை.

5

கொழும்பில் இருக்கிற உங்களுக்கு மின்சார ஒபிஸ் எப்படி என்று நான் விளக்கத் தேவையில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கூரையில் ஒரு பலகை வைப்பதற்குமுன் எங்கள் ஒழுங்கை டிரான்ஸ்போமர் அதைத் தாங்குமா என்று பார்ப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் எல்லாக் கட்டடமும் சூரியனுக்கு விண்ணப்பித்திருந்தது. டிரான்ஸ்போமரோ பழைய ஆள். அதற்கு முந்திய பெப்ரவரியில்தான் ஒரு குரங்கு உபமின்நிலையத்துக்குள் பாய்ந்து நாடே இருட்டாகிவிட்டதாகச் சொன்னார்கள். ஆகவே ஒபிசில் எல்லோரும் எதற்கும் பயந்துபோய் இருந்தார்கள். பஸ்லான் அலைந்தான், நான் அலைந்தேன், ஒரு நாள் கடிதம் வந்தது. பலகை பூட்டலாம், பரிசோதனை முடிந்து புது மீட்டர் போடும்வரை இணைத்து இயக்கக்கூடாது.

நான் அதை வாசித்தேன். தலைவரும் வாசித்தார். வாசித்துவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"அவங்கள் வரேக்கை ஆடி. ஆடியிலை ஆராவது தொடங்குவினமோ, சேவியர்?"

"அவர்கள் வந்து பார்க்காமல் போடக்கூடாது என்று எழுதியிருக்கே."

"நாங்கள் என்ன, தொடங்கப் போறமோ? ஆரம்பிச்சு வைக்கிறம். தொடங்கிறது அவங்கள் வந்தாப் பிறகு."

ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளரிடம் வாதாடி வெல்ல முடியாது. பஸ்லானுக்கு எடுத்தேன்.

"சுவிட்ச் மட்டும் போட வாணாம் அங்கிள்."

"பத்து நிமிடம்தான், தம்பி. சாமி காரியம்."

"பத்து நிமிசம் என்டா சரி. வீடியோ எடுத்து எனக்கும் அனுப்புங்க. எங்கட பேஸ்புக்குக்குப் போடலாம்."

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை நடந்தது. பத்தாவது நிமிடம் அணைக்கப் போனேன். பெட்டிக்கு முன்னால் திருமதி நடேசபிள்ளை நின்றார்.

"ஏத்தின விளக்கை நூர்ப்பினமோ, அண்ணை?"

காகத்துக்குப் பிறகு அவரோடு இன்னொரு சண்டை பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை. பச்சை விளக்கு எரிந்தபடி இருந்தது. அன்றைக்கும், மறுநாளும், அதற்குப் பிறகும்.

6

தினமும் காலையில் கீழே போய்ப் பொது மீட்டரைப் பார்ப்பேன். இலக்கம் ஏறிக்கொண்டிருந்தது. முன்பு ஏறியதைவிட இரண்டு மடங்கு வேகம். வெயில் நாளில் இன்னும் வேகம். எனக்குக் குதூகலம். நாற்பது வருடம் கணக்கு எழுதியவன், இலக்கம் கூடினால் நல்லது என்றே பழகியவன். நாங்கள் நாட்டுக்குக் கொடுக்கிற கரண்டைத்தான் அது எண்ணுகிறது என்று நம்பினேன். மாலையில் குழுவில் போடுவேன்: 'இன்று அறுபத்தொரு அலகு!' கைதட்டல், பூங்கொத்து, கும்பிடும் கைகள். சுவிஸ்காரர் தன் பங்கு எப்போது வரும் என்று கேட்டார்.

"நல்லா உழைக்குதாடா?" என்று அக்கா கேட்பாள்.

"நீ ஓகஸ்டுக்கு முன்னம் கொட்டாஞ்சேனையில இருப்பாய்" என்பேன்.

அவள் சீட்டுக்கட்டை எடுத்துத் தனியாகக் குலுக்கிப் பழகினாள். கை மறந்துவிடக் கூடாதாம்.

ஓகஸ்ட் ஆறாம் திகதி பில் வந்தது. வழக்கமாக நாற்பத்தோராயிரம் ரூபாய் வரும். வந்தது ஒரு இலட்சத்து மூவாயிரத்து முந்நூற்று அறுபது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். தலைவரும் தன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கண்ணாடிகளை மாற்றிப் பார்த்தோம்.

பஸ்லான் வந்தான். மீட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நான் அன்டைக்கே செல்லினேனே அங்கிள். பழைய மீட்டருக்கு உள்ள வாறதும் வெளிய போறதும் ஒண்டுதான். ஓடினா எண்ணும். எதுக்கு என்டு பாக்காது. ஒங்களப் போல."

எங்கள் கூரையில் விளைந்து, பகலில் லிப்ட் ஓடாததால் உள்ளே செலவாகாமல், தெருவுக்குப் போன ஒவ்வொரு அலகையும் நாங்கள் வாங்கியதாக அந்த மீட்டர் எழுதிவிட்டது. ஒரு மாதமாக நாங்கள் நாட்டுக்குக் கரண்ட் கொடுத்து, அதற்குக் காசும் கட்டவேண்டி வந்திருக்கிறது. இதைத்தான் நான் ஒவ்வொரு மாலையும் ஆச்சரியக்குறி போட்டு அறிவித்துக்கொண்டிருந்தேன்.

7

மின்சார ஒபிசுக்கு நான்தான் போகவேண்டியிருந்தது. தலைவருக்கு அன்று இரத்த அழுத்தம். எங்கள் கோப்பு ஒரு பொறியியலாளர் பெண்ணிடம் இருந்தது. சின்ன வயது, கடுமையான முகம். என் சிங்களம் கொட்டாஞ்சேனைச் சந்தைச் சிங்களம். மீன் வாங்கப் போதும், மன்னிப்புக் கேட்கப் போதாது.

"கவுத மேக்க ஓன் கலே?" என்றார். யார் இதைப் போட்டது?

"சபாபதி, மிஸ்." தலைவர் என்பதற்கு அவர்களுக்கும் நம் பழைய சொல் சபாபதிதான்; காட்டிக்கொடுப்பது சுலபமாக இருந்தது.

"எய்?" ஏன்?

பொய் ஒன்று யோசித்துக்கொண்டுதான் போயிருந்தேன். சிங்களத்தில் அது வரவில்லை. உண்மை இரண்டு சொல்லில் முடிந்தது.

"நெகதட, மிஸ்." சுபநேரத்துக்கு.

அவருடைய பேனா நின்றது. பக்கத்து மேசைக்காரர் திரும்பினார். "எத்தனை மணிக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார் மிஸ். சொன்னேன். பக்கத்து மேசைக்காரர் விரலில் ஏதோ கணக்குப் பார்த்துவிட்டு, நல்ல நெகத் என்று தலையாட்டினார். மிஸ் தன் வீட்டுக்கும் அடுப்பு மூட்ட நேரம் பார்த்துத்தான் போனாராம். தண்ணீர் இணைப்பு வருவதற்கு மூன்று வாரம் முன்பே. பால் பொங்கிய பாத்திரத்தை அயல்வீட்டில் கழுவினார்களாம்.

பிறகு மறுபடி முகத்தைக் கடுமையாக்கினார். "நிறுத்திவைக்கச் சொல்லவேண்டியது என் கடமை. சொல்லிவிட்டேன். சொன்னதாக எழுதியும் விட்டேன்." எழுதினார். "மீட்டர் மாத முடிவில்தான்."

"பில், மிஸ்?"

பில் கட்டத்தான் வேண்டும். ஒப்பந்தம் எழுதுமுன் போன கரண்டுக்கு ஒருவரும் காசு தரமுடியாது. அது எங்கே போனது என்று கேட்டேன். ஒழுங்கையிலுள்ள மற்ற வீடுகளுக்குப் போயிருக்கும் என்றார். மின்விசிறி, சோற்றுப்பானை, தொலைக்காட்சி. அவர்களும் அதற்குக் காசு கட்டியிருப்பார்கள்.

"பிங் சித்த வெய், மாத்தயா" என்றார் கடைசியாக. புண்ணியம் கிடைக்கும். அதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

8

ஞாயிறு மாலை மொட்டைமாடியில் அவசரக் கூட்டம். வெளிநாட்டுக்காரர் தொலைபேசியில், டெரன்ஸையும் ஆலோசகன் என்று சேர்த்துக்கொண்டேன். அக்கா ஒரு மாடிதான் என்று பொல்லோடும் என் தோளோடும் ஏறி வந்து உட்கார்ந்தாள்.

தலைவரின் முடிவு தயாராக இருந்தது. பில் கட்டக் காசு மிச்சம் பிடிக்கவேண்டும். ஆகவே புது மீட்டர் வரும்வரை லிப்ட் அறவே நிற்கும்.

"சோலாரை அணைத்தால் போதுமே" என்றேன்.

"ஆடி முடிய இன்னும் ஆறு நாள் கிடக்கு. ஆடியிலை நூர்த்தது ஆவணியிலை எரியுமோ?"

"அப்ப லிப்டை மட்டும் ஆடியில நிப்பாட்டலாமா, தலைவர்?" என்றாள் அக்கா.

"லிப்ட் நல்ல காரியம் இல்லையே, அக்கா. அது மெஷின்."

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"மேல போறதுக்கு எனக்கு லிப்ட் வாணாம் தம்பி. அதுக்கு ஆண்டவர் ஏற்பாடு செஞ்சிருக்கார், பில்லும் இல்ல. கீழ போறதுக்குத்தான் கேக்கிறன். இந்த மாதம் முடியிறதுக்குள்ள நான் போகாட்டி என்ர கதிரையில ஒரு கள்ளி செத்தாலும் எழும்பாம இருப்பா."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது, காசு வெளியிலை போகுது..."

"காசு ஏன் போகுது? கரண்ட் வெளிய போறதால. அப்ப வெளிய விடாதீங்க. லிப்டை ஓட்டுங்க, பம்பை ஓட்டுங்க, பகல் முழுக்க ஓட்டுங்க. கையில துரும்பை வச்சுக்கொண்டு போடாம இருந்து, கடைசியில அடுத்தவனுக்குப் பிடியைக் குடுக்கிறது ஆர் விளையாட்டு?"

தொலைபேசியில் டெரன்ஸ் இருமினான். உள்ளே செலவானால் அவ்வளவும் மீட்டரில் ஏறாது, மாமி சொல்வது சரி, ஆனால் மத்தியான வெயிலில் வருகிற எல்லாவற்றையும் ஒரு லிப்ட் தின்றுமுடிக்காது, கொஞ்சம் வெளியே போகத்தான் செய்யும் என்று இங்கிலீசில் சொன்னான். நான் மொழிபெயர்த்தேன்.

"அந்தக் கொஞ்சம்?" என்றார் தலைவர். "வந்த பில்லிலை கூடின காசு? அது ஆர் கட்டுறது?"

கூடியிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். அறுபத்தொரு அலகு என்று ஆச்சரியக்குறி போட்டவன் நான் அல்லவா. வாய் திறக்குமுன் அக்கா சொன்னாள்:

"என்ர தம்பி கட்டுவான்."

"அக்கா..."

"டொலரில இருக்கிறவன் தானே. வந்ததில இருந்து ஒவ்வொரு சாமானையும் இருநூறால வகுத்துப் பாத்து மலிவு மலிவு என்டு செல்லிக்கொண்டு திரியிறான்."

"அப்பா," என்றான் டெரன்ஸ், "வீ கால் இட் எ கம்யூனிட்டி பெனிஃபிட் ஃபண்ட். அது இல்லாமல் ஒரு லைனும் அப்ரூவ் ஆகாது."

கோபுரம் வருகிற ஊருக்குக் கம்பனி கொடுக்கிற சமாதானக் காசு அது. அவன் கம்பனி பல வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இன்னும் அப்ரூவ் ஆகவில்லை. இங்கே நான் தலையாட்டிய நிமிடமே கைகள் உயர்ந்தன. பதினேழு ஆதரவு, எதிர்ப்பு இல்லை, சுவிஸ்காரருக்கு சிக்னல் போய்விட்டது. தேத்தண்ணி வந்தது. மறுநாள் காலையிலிருந்து லிப்ட் பகல் முழுவதும், ஞாயிறு உட்பட.

9

அந்த வாரம் பள்ளி விடுமுறையில் நின்ற கட்டடத்துப் பிள்ளைகள் லிப்டில் ஏறி மேலும் கீழுமாகப் போனார்கள். முன்பு இதற்காகக் காதைப் பிடித்துத் திருகுகிற தலைவர், "ஓடுங்கோ பிள்ளையள், வடிவா ஓடுங்கோ" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஓகஸ்ட் பதினேழு, ஞாயிறு. அக்கா விடியமுன்பே உடுத்து, பவுடர் போட்டு, கைப்பையில் செபமாலையையும் சீட்டுக்கட்டையும் வைத்து உட்கார்ந்திருந்தாள். சோலார் எழும்பும் நேரம் வரை அவளை இருக்கச் சொன்னேன். "சூரியன் எழும்பிற்று, நீதான் எழும்பேல்ல" என்றாள். லிப்ட் இறங்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை; சுவரில் தொங்கிய கண்ணாடியில் தலைமயிரைச் சரிசெய்துகொண்டு வந்தாள். மூன்றாம் மாடியில் மட்டும் கண்ணை மூடினாள்.

பூசையில் அவள் அவ்வளவு பக்தியாக இருந்ததாகச் சொல்லமாட்டேன். அடிக்கடி திரும்பி ரீட்டா வந்திருக்கிறாளா என்று பார்த்தாள். பூசை முடிய பேர்னடெட் வீட்டுக்குப் போனோம். ரீட்டா ஏற்கனவே கதிரையில் இருந்தாள். அக்கா பொல்லை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றாள். ரீட்டா காதைச் சொறிந்தாள். பிறகு எழும்பினாள்.

"என்னடி, சூரியன் கொண்டுவந்து விட்டதோ?" என்றாள் பேர்னடெட்.

"கதையாத. சீட்டைப் பிரி" என்றாள் அக்கா.

முதல் ஆட்டம் அவர்கள் கட்சி தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதில் அக்காவுக்குக் கை திரும்பியது. பிறகு மறுபடி போனது. அவள் தோற்கத் தோற்கச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் கதவோரத்து ஸ்டூலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் முச்சக்கரவண்டியில் ஏறும்போது, அடுத்த ஞாயிறுக்கும் இதே ஆளைச் சொல்லிவை என்றாள்.

மாத முடிவில் புது மீட்டர் வந்தது. நான் ஒக்டோபரில் மெல்பனுக்குத் திரும்பிவிட்டேன். அக்கா இன்றுவரை ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. முதல் பில்லில் கூடியது அறுபத்திரண்டாயிரத்து முந்நூற்று அறுபது. லிப்டால் தின்று முடிக்க இயலாமல் அடுத்த பில்லில் கூடியது பத்தொன்பதாயிரத்து நானூற்று எண்பது. அந்த ஞாயிறு முச்சக்கரவண்டி போகவர, காத்திருந்ததும் சேர்த்து, மூவாயிரத்து இருநூறு. அக்கா ஓமியில் தோற்று, கடனாகத்தான் என்று சொல்லி என் சட்டைப்பையிலிருந்து எடுத்தது இருநூற்று அறுபது. ஆக எனக்கு முடிந்தது எண்பத்தையாயிரத்து முந்நூறு ரூபாய்.